மாதந்தோறும் தசமபாகம்: எதில் கணக்கிடுவது, எப்படி எடுத்து வைப்பது

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்க வேண்டும் என்று பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஆனால் பணம் கைக்கு வந்த அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டால், அங்கே பேசப்படாத கேள்விகள் வரிசையாக வரும். எதில் பத்து சதவீதம்? வருமானம் மாதாமாதம் மாறினால்? கடன் இருந்தால்? சொந்தத் தொழில் செய்கிறவன் என்பதால், வேதாகமத்தையும் கணக்கு நோட்டையும் அருகருகே வைத்துக்கொண்டுதான் இவற்றுக்கு விடை தேடினேன். அந்த வழி இதோ.

படி 1: முதலில் வாசியுங்கள்

ஆதியாகமம் 14, 28; லேவியராகமம் 27; எண்ணாகமம் 18; உபாகமம் 14; நெகேமியா 13; மல்கியா 3; மத்தேயு 23; 2 கொரிந்தியர் 8, 9. ஒரு மாலைப்பொழுது போதும். மோசே வழியாக நியாயப்பிரமாணம் வருவதற்கு முன்பே, ஆபிரகாம் ஆசாரியனான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒன்று கொடுத்தார். நியாயப்பிரமாணத்தில் அது, நிலத்தில் பங்கு பெறாமல் ஆராதனைப் பணி செய்த லேவியருக்குப் போனது. அந்த லேவியரும் தங்களுக்கு வந்ததில் பத்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது.

தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐ மட்டும் தனியாக வாசிக்காதீர்கள். நெகேமியா 13:10-ஐயும் சேர்த்து வாசியுங்கள். அங்கே பண்டசாலை என்பது தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் நிறைய வேண்டிய உண்மையான அறைகள். பங்கு வந்து சேராததால் லேவியரும் பாடகரும் ஆலயப் பணியை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். ஆலயம் கைவிடப்பட்டுக் கிடந்த அந்த நிலையைப் பார்த்த பிறகுதான் மல்கியாவின் கோபம் புரியும். வானத்தின் பலகணிகளைத் திறந்து ஆசீர்வதிப்பேன் என்று அதே வசனத்தில் வரும் வாக்குத்தத்தத்தை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் "பத்து போட்டால் நூறு வரும்" என்று அதை ஒரு சேமிப்புத் திட்டமாக்கிப் பேசுவதை ஏற்க மாட்டேன்.

சீரகத்தில்கூடத் தசமபாகம் செலுத்தியவர்களைப் பார்த்து, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்று இயேசு கடிந்துகொண்டார். அதையும் விடாமல் இதையும் செய்ய வேண்டும் என்றார். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்த பவுல் சதவீதம் எதையும் குறிப்பிடவில்லை. அவனவன் தன் மனதில் நியமித்தபடி, உற்சாகமாய்க் கொடுக்கட்டும் என்கிறார். ஆகவே என் நிலைப்பாடு இது: பத்து என்பது விசுவாசியின் தலையில் வைத்த வரி அல்ல, தொடங்குவதற்கு நல்ல அளவு. இதைக் கட்டாயக் கட்டளையாகப் போதிக்கும் சபைகளும் உண்டு. உங்கள் போதகரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

படி 2: எதில் பத்து?

பலர் இங்கேதான் நிற்கிறார்கள். நானும் அதிக நேரம் செலவழித்தது இந்தப் படியில்தான்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இரண்டு வழிகள். பிடித்தம் போவதற்கு முன் உள்ள மொத்தத்தில் கணக்கிடலாம், அல்லது கைக்கு வருவதில் கணக்கிடலாம். இதற்கென்று நேரடியான வசனம் கிடையாது. யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் அந்த விவாதத்தைத் திறக்காதீர்கள். கைக்கு வருவதில் கணக்கிட்டால், பிடித்து வைத்த ஓய்வுக்கால நிதி பிற்காலத்தில் வரும்போது அதிலும் எடுக்க வேண்டும். மொத்தத்தில் கணக்கிட்டவர்கள் அப்போது அதன் மேல் வளர்ந்த தொகைக்கு மட்டும் எடுத்தால் போதும்.

சொந்தத் தொழில் என்றால் கவனமாக இருங்கள். கல்லாவில் விழுந்த பணமெல்லாம் வருமானம் அல்ல. 40,000-க்கு விற்பனை ஆகி, சரக்குக்கும் கூலிக்கும் வாடகைக்கும் 25,000 போயிருந்தால், உங்கள் வருமானம் 15,000. அதில் பத்தில் ஒன்று 1,500. விற்பனையில் கணக்கிட்டு 4,000 எடுத்தால், அடுத்த மாதம் சரக்கு வாங்க வைத்திருக்கும் முதலீட்டுப் பணத்தில் கை வைக்க வேண்டிவரும். அதேசமயம், வீட்டுச் செலவைத் தொழில் செலவோடு சேர்த்து எழுதி லாபத்தைச் சுருக்குவதும் நேர்மையல்ல. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் லாபத்துக்குப் பிறகு வருபவை. நஷ்டமான மாதத்தில் எடுக்க ஒன்றும் இல்லை. அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம்.

வாங்கிய கடன் வருமானம் அல்ல. நீங்கள் கொடுத்த கடன் திரும்பி வந்தாலும் அப்படியே. போனஸ், வட்டி, கைக்கு வரும் வாடகை ஆகியவை வருமானம்தான்.

லேவியராகமம் 27:32, 33 எனக்குப் பெரிதும் உதவியது. கோலின் கீழ்ப்பட்டுப் போகும் மந்தையில் பத்தாவதாக வருவது கர்த்தருக்கு. அது நல்லதா இளைத்ததா என்று பார்க்கக் கூடாது, மாற்றவும் கூடாது. எண்ணிக்கை முடிவு செய்கிறது, அன்றைய மனநிலை அல்ல. நம் கணக்கும் அப்படி நேர்கோட்டில் போனால் மனதுக்குள் பேரம் நடக்க இடமில்லை.

படி 3: வந்த அன்றே பிரித்து வையுங்கள்

மாதக் கடைசியில் மிஞ்சியதில் எடுக்கலாம் என்று நினைத்தால், மிஞ்சாது. 1 கொரிந்தியர் 16:2-ல் பவுல் தரும் முறை தெளிவாக இருக்கிறது: வாரத்தின் முதல்நாள்தோறும், அவனவன் வரவுக்குத் தக்கதாக, தன்னிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். ஒழுங்கான நாள், வரவுக்கேற்ற அளவு, முன்கூட்டியே பிரிப்பது எல்லாம் அந்த ஒரு வசனத்தில் இருக்கின்றன.

ரொக்கமாகப் பணம் வருகிறவர்களுக்கு ஒரு கவர் போதும். வங்கி வழியாக வந்தால் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஏடிஎம் கார்டு வாங்காதீர்கள். செலவுக் கணக்கு எழுதும் மொபைல் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். காணிக்கையைக் கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில் இன்னொரு செலவாகக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. தேதி, வரவு, பத்தில் ஒன்று, கொடுத்தது என்று நான்கு பத்தி போட்ட நோட்டு போதும். வங்கியில் தானாகப் பணம் நகரும்படி அமைக்கலாம், மறதிக்காரர்களுக்கு அது நல்லது. நான் கையாலேயே எழுதிப் பிரிக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் ஸ்தோத்திரம் சொல்லித்தான் நோட்டை மூடுவேன்.

படி 4: எங்கே கொடுப்பது?

நீங்கள் ஆராதிக்கும் சபைக்கு முதலிடம் கொடுங்கள். உங்களுக்கு வசனம் போதிக்கிறவர்கள் அங்கேதான் உழைக்கிறார்கள். உபாகமம் 14:28, 29-ஐயும் மறக்க வேண்டாம். மூன்றாம் வருஷத்தின் தசமபாகத்தில் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று இருக்கிறது. சபை தன் வரவு செலவைக் காட்ட வேண்டும் என்று கேட்பது அவிசுவாசம் அல்ல. பவுலே எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகப் பிறரையும் கூடவே அனுப்பினார், ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:20).

கடன் கழுத்தை நெரித்தால்

இரண்டோ மூன்றோ சதவீதத்தில் தொடங்குங்கள். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, இருக்கிறதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. பெற்றோரைக் கவனிக்க வேண்டிய பணத்தைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கியவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7-ல் பாருங்கள். அம்மாவின் மருந்தை நிறுத்திவிட்டுக் காணிக்கைப் பெட்டியை நிரப்பச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

பிற்சேர்க்கை: வாசித்தவர்கள் கேட்டவை

விட்டுப்போன மாதங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கட்ட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். லேவியராகமம் 27:31-ல் வரும் ஐந்தில் ஒரு பங்கு, தசமபாகமான விளைச்சலை விலை கொடுத்துத் தானே மீட்டுக்கொள்ள விரும்புகிறவனுக்கு உரியது. அது தாமதத்துக்கான அபராதம் அல்ல. இந்த மாதத்திலிருந்து தொடங்குங்கள்.

கணவர் விசுவாசி அல்ல, வருமானம் அவருடையது, என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம், சகோதரி. உங்கள் கைச்செலவுக்கென்று அவர் தருவது உங்களுடையது, பத்தில் ஒன்றை அதில் கணக்கிடுங்கள். அவர் கேட்டால் நோட்டைத் திறந்து காட்டுங்கள்.