மடிக்கணினியின் பிராசஸர் 0.79 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிட்டால்: பிரிப்பதற்கு முன் சார்ஜரைப் பாருங்கள்

மடிக்கணினி மந்தமானால் விண்டோஸை மறுபடி நிறுவுவதும், ராம் கூட்டுவதும், கடைசியில் புதியது வாங்கிவிடுவதும் பலருடைய வழக்கமாக இருக்கிறது. பிராசஸரே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடினால் ராமும் விண்டோஸும் எந்தப் பயனும் தராது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் தங்கை கல்லூரிப் பாடத்துக்குப் பயன்படுத்தும் மடிக்கணினியில் இருப்பது இன்டெல் ஐ5-8250யூ. அதன் அடிப்படை வேகம் 1.60 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது டர்போவில் 3.40 வரை ஏறக்கூடியது. அது 0.79-ஐத் தாண்ட மறுத்தபோது காரணத்தைக் கண்டுபிடிக்க உதவிய வழியைப் புதிதாகச் செய்து பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். இன்டெல் பிராசஸரும் விண்டோஸ் 10 அல்லது 11-உம் உள்ள கணினிகளுக்கு இது பொருந்தும்.

படி 1: சுமை ஏற்றி வேகத்தைப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியு-வைத் தேர்ந்தெடுத்தால், ‘பேஸ் ஸ்பீட்’ என்று நிலையான ஓர் எண்ணும், ‘ஸ்பீட்’ என்று மாறிக்கொண்டே இருக்கும் ஓர் எண்ணும் தெரியும். வேலை ஏதும் இல்லாதபோது பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்வது இயல்பு என்பதால், சும்மா இருக்கும் கணினியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. சுமை ஏற்றுவதற்கு, கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருளையே நான் விரும்புகிறேன். அது இலவசம், அளவில் சிறியது, அதன் டூல்ஸ் பட்டியலிலேயே பிராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் பெஞ்ச்மார்க் இருக்கிறது. அதை ஓடவிட்டு இரண்டு மூன்று நிமிடங்கள் ‘ஸ்பீட்’ எண்ணைக் கவனியுங்கள்.

வேகம் முதலில் நன்றாக ஏறிப் பிறகு படிப்படியாக இறங்கி, ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் சூடு அல்லது மின் வரம்பு காரணம். மெல்லிய மடிக்கணினிகளில் இந்த வகைப் பிராசஸர்கள் 15 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. டர்போவில் சிறிது நேரம் ஓடிய பின் ஓரளவு இறங்குவது கோளாறு அல்ல. அடிப்படை வேகத்தைத் தொட்டும் அதற்கு மேல் ஒருபோதும் ஏறாமல் இருந்தால் விண்டோஸின் மின் அமைப்பைச் (படி 2) சந்தேகிக்கலாம். ஆனால் என்ன சுமை கொடுத்தாலும் 0.79 அல்லது 0.39 போன்ற ஒரே எண்ணில் ஆணி அடித்தாற்போல நின்றால், அது சூட்டினால் வருவது பெரும்பாலும் இல்லை. யாரோ பிராசஸருக்கு ‘மெதுவாகப் போ’ என்று இடைவிடாமல் கட்டளை கொடுக்கிறார்கள் என்று பொருள். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் திருகாணிகளைக் கழற்ற வேண்டாம்.

படி 2: மின் அமைப்பு

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, மேம்பட்ட அமைப்புகளில் ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ 100 விழுக்காடு இருக்கிறதா என்று பாருங்கள். 99 என்று இருந்தால்கூட டர்போ வேலை செய்யாது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் வழியாகச் சென்று பவர் மோடையும் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

படி 3: சார்ஜரைக் கழற்றுங்கள்

காரணம் ஒளிந்திருந்த இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். டெல், எச்பி போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் சார்ஜர் முனையின் நடுவே ஊசி போன்ற மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அது மின்சாரம் கடத்துவதற்கானது அன்று. சார்ஜர் எத்தனை வாட் கொடுக்கும் என்ற விவரத்தை மடிக்கணினிக்குத் தெரிவிப்பதற்கானது. அந்த விவரம் வந்து சேரவில்லை என்றால், இணைத்திருப்பது போதிய திறன் இல்லாத சார்ஜராக இருக்கலாம் என்று மடிக்கணினியின் ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்க அதற்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எடுத்துக்கொள்ளும். அதிக மின்சாரம் இழுத்து அந்தச் சார்ஜரைக் கெடுத்துவிடாமல் இருக்க, பிடி-பிராக்காட் என்னும் சிக்னல் வழியாகப் பிராசஸரை மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கிவிடும். இதே காரணத்தால் பேட்டரி சார்ஜ் ஏறாமலும் போகலாம். அந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகம் உறுதிப்படுகிறது.

சோதனை எளிது. பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது 7-ஜிப் பெஞ்ச்மார்க்கை ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள். எங்கள் மடிக்கணினியில் 0.79 என்று நின்ற எண் சில நொடிகளில் 2-ஐத் தாண்டி ஏறியது. சார்ஜரை மறுபடி சொருகியதும் பழைய இடத்துக்கே விழுந்தது. சில மாடல்களில் இந்த மாற்றம் உடனே தெரியாது; சார்ஜர் இல்லாமல் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்.

அடுத்து முனையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நடு ஊசி வளைந்திருக்கலாம், உள்ளே அமுங்கியிருக்கலாம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எனக் கடலை ஒட்டி வாழும் நமக்கு உப்புக்காற்று இன்னொரு தொல்லை. சொருகும் இடத்தின் உலோகத்தில் பச்சையாகப் படிந்து தொடர்பைத் தடுத்துவிடும். கணினியை அணைத்து, சார்ஜரைச் சுவரிலிருந்தும் கழற்றியபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைத்து நன்கு உலரவிடுங்கள்.

துடைத்தும் பயனில்லை என்றால் சார்ஜரின் முதுகில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். ‘அவுட்புட்’ என்ற இடத்தில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 65 வாட். 2.31 ஆம்பியர் என்றால் 45 வாட்தான். 65 வாட் கேட்கும் கணினிக்கு 45 வாட் சார்ஜர் போதாது. எங்களிடம் இருந்தது வெளியில் வாங்கிய மாற்றுச் சார்ஜர். வாட் கணக்கு சரியாக இருந்தும் நடு ஊசி வழியே விவரம் வரவில்லை. புதியது வாங்க, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள், விம்கோ நகரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மடிக்கணினியையும் கையோடு கொண்டுபோங்கள். பல மாடல்களின் பயாஸ் பக்கத்தில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) இணைத்திருக்கும் சார்ஜரின் வாட் அளவு தெரியும்; கடையிலேயே சொருகி, அங்கே சரியான எண் வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ‘எல்லாத்துக்கும் செட் ஆகும்’ என்ற உறுதிமொழியை நம்பி வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 4: உறுதிப்படுத்திக்கொள்ளுதல்

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிவு செய்து காட்டும் ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் ‘கெர்னல்-பிராசஸர்-பவர்’ என்ற பெயரில் 37-ஆம் எண் எச்சரிக்கை இருந்தால், பிராசஸர் வேகத்தை ஃபர்ம்வேர் கட்டுப்படுத்துகிறது என்று விண்டோஸே பதிவு செய்திருக்கிறது. இன்னும் தெளிவாகத் தெரிய த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவசக் கருவியில் ‘லிமிட்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். அந்த நேரத்தில் வேகத்தைத் தடுக்கும் காரணம் சிவப்பில் ஒளிரும். ‘பூஸ்டர்’, ‘கிளீனர்’ என்ற பெயரில் வரும் மென்பொருள்கள் எதையும் நிறுவாதீர்கள். அவற்றால் இந்தச் சிக்னலைத் தொடவே முடியாது.

த்ராட்டில்ஸ்டாப்பிலேயே பிடி-பிராக்காட் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட்டால் வேகம் உடனே திரும்பும். பிராசஸர் தன் சொந்தச் சூட்டுக்கு எதிராக வைத்திருக்கும் பாதுகாப்பு அப்போதும் இருக்கும். ஆனால் மதர்போர்டின் மற்ற பாகங்கள் சூடாகி அனுப்பும் எச்சரிக்கையும் அதோடு அடைபட்டுவிடும். எனவே தேர்வு நேரத்தில் புராஜெக்டை முடிக்க வேண்டியவர்கள் தற்காலிகமாகச் செய்துகொள்ளலாமே தவிர, நல்ல சார்ஜர் வாங்குவதற்கு இது மாற்று அல்ல.

படி 5: தூசியும் பேஸ்ட்டும்

வேகம் ஏறி ஏறி இறங்குபவர்களுக்கு மட்டும் இது. எச்டபிள்யூ-இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பிராசஸரின் வெப்பநிலை 95, 100 டிகிரியைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் பின்மூடியைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி அகற்றுங்கள். பிராசஸரின் சூட்டைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள்.

பிற்சேர்க்கை: இதைச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மடிக்கணினிகளுக்கு நடு ஊசி கிடையாது. ஆனால் அவற்றிலும் கைப்பேசியின் சார்ஜரை இணைத்தால் வேகம் குறையலாம். கணினி கேட்கும் வாட் அளவைச் சார்ஜர் மட்டுமல்லாமல் கேபிளும் தாங்க வேண்டும்.

ஏஎம்டி பிராசஸர்களில் த்ராட்டில்ஸ்டாப் இயங்காது. அவற்றை வைத்திருப்பவர்கள் முதல் மூன்று படிகளையும் தூசி பற்றிய படியையும் செய்தால் போதும்.

வேகம் 3-க்கு மேல் சரியாகக் காட்டியும் கணினி திணறுகிறது என்று எழுதியவர்கள், அதே டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ 100 விழுக்காட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள இயந்திரங்களில் குற்றவாளி அதுதான். அதற்குப் பதிலாக வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி மாற்றினால் சரியாகிவிடும், பிராசஸரைத் தொட வேண்டியதில்லை.