திறப்பு விழா தேதி குறிச்சாச்சு, இனி வேலையை எப்படிப் பிரிப்பது?

தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையை அப்புறம் யோசிப்பதுதான் நம் ஊர் வழக்கம். ஜோசியர் நாள் பார்த்துக் கொடுத்துவிடுவார், பத்திரிகை அச்சுக்குப் போய்விடும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போய்விடும். கடைக்கு வாடகையே இன்னும் பேசி முடித்திருக்க மாட்டோம். திட்டமிடல் படித்தவர்கள் இதைத் தலைகீழ் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேதி நகராது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது. தேதி நகராதபோது வேலைதான் சுருங்க வேண்டும். எதைச் சுருக்குவது என்பதைக் கடைசி வாரத்தில் பதறிக்கொண்டு முடிவு செய்யாமல், முதல் நாளே உட்கார்ந்து முடிவு செய்யலாம். இந்தப் பதிவு அதற்குத்தான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம், ஏற்காட்டுக் காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்து விற்கும் சின்னக் கடை. திறப்பு ஆவணியில், ஆகஸ்ட் 30. இன்று ஜூன் 14. கையில் 77 நாள், அதாவது 11 வாரம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், சுவரில் மாட்டும் மாதக் காலண்டர் இருந்தால் போதும். எக்செல் தெரிந்தால் அதிலும் போடலாம், ஆனால் காலண்டர் சுவரில் கண் முன்னால் தொங்குவதில் ஒரு வசதி இருக்கிறது.

படி 1: ‘கடை திறந்தாச்சு’ என்றால் என்ன?

ஒரே வரியில் எழுதுங்கள். நம் உதாரணத்துக்கு: ஒருவர் வந்து “எண்பது இருபதுல கால் கிலோ குடுங்க” (காப்பி எண்பது சதவீதம், சிக்கரி இருபது) என்று கேட்டால், அதை நிறுத்து, பாக்கெட்டில் போட்டு, பில்லோடு கொடுத்துக் காசு வாங்க முடிய வேண்டும். அவ்வளவுதான்.

இந்த வரிக்கு எது தேவையோ அது மட்டும் முதல் பட்டியல்: கொட்டை, சிக்கரி, வறுக்கும் மெஷின், அரைக்கும் மெஷின், கரண்ட், முத்திரை போட்ட தராசு, பாக்கெட், உணவுப் பாதுகாப்புத் துறை பதிவு, கல்லா. பெயர்ப் பலகை, உட்கார்ந்து குடிக்க இரண்டு மேஜை, சுவர் ஓவியம் எல்லாம் ‘இருந்தால் நல்லது’ பட்டியல். மிளகு, தேன் விற்பது, வீட்டுக்கு டெலிவரி எல்லாம் ‘திறந்த பிறகு’ பட்டியல். இந்த மூன்று பட்டியலையும் கூட்டாளியோடு சேர்ந்து போட்டு, ஒத்துக்கொண்டு, தேதி எழுதி வையுங்கள். பின்னால் வரும் பாதிச் சண்டை இதிலேயே அடங்கிவிடும்.

படி 2: கடைசியிலிருந்து பின்னால் வாருங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு வேலையையும் பிடித்து, “இது நடக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் எது முடிந்திருக்க வேண்டும்?” என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பார்க்கச் சின்ன வேலை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் பாக்கெட் மேல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) கொடுக்கும் 14 இலக்க எண் இருக்க வேண்டும். சிக்கரி கலந்தால் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும் (காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது). எண் வராமல் ஸ்டிக்கர் அடிக்க முடியாது. எண் வேண்டுமென்றால் விண்ணப்பம், விண்ணப்பத்துக்குக் கடை முகவரிக்கான சான்று, அதற்கு வாடகை அக்ரிமென்ட், அக்ரிமென்டுக்கு அட்வான்ஸ். ஆகஸ்டில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரின் வேர் ஜூன் மாத அட்வான்ஸில் இருக்கிறது.

மெஷினுக்கும் இதே போல ஒரு சங்கிலி உண்டு. சோதனை வறுவலுக்கு மெஷின் பொருத்தியிருக்க வேண்டும். மெஷினுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் தேவைப்பட்டால், மின் வாரியத்தில் விண்ணப்பிக்கக் கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். மறுபடியும் அக்ரிமென்டில் வந்து நிற்கிறோம்.

இப்படி வரும் சங்கிலிகளில் மிக நீளமானது எதுவோ, அதில் ஒரு நாள் தாமதமானால் திறப்பே ஒரு நாள் தள்ளும். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் இதைக் கணக்காகவே வகுத்தார்கள். கிரிட்டிகல் பாத் என்று திட்டமிடல் மென்பொருள்களில் வருவது அதுதான். நம் கடைக்கு மென்பொருள் வேண்டாம். அந்த நீளச் சங்கிலியைச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டால் சரி.

படி 3: முன்னே இழுக்கக் கூடியது, கூடாதது

பச்சைக் கொட்டை ஈரம் படாமல் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஏற்காட்டில் அறுவடை ஏறக்குறைய நவம்பரில் ஆரம்பித்து பிப்ரவரி வரை போகும், ஆகவே ஜூனில் பதப்படுத்திய கொட்டை கிடைக்கும். அதை இப்போதே கீழே இறக்கிவிடுங்கள். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது குப்பனூர் வழிதான் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மலைப் பாதையை நம்பி இருக்கும் எந்த வேலையையும் கடைசி இரண்டு வாரத்தில் வைக்காதீர்கள்.

வறுவல் நேர் எதிர். வறுத்த கொட்டை ஒன்றிரண்டு நாள் வாயு விடும், உடனே இறுக்கி அடைத்தால் பாக்கெட் உப்பிக்கொள்ளும். ரொம்ப முன்னாலேயே அரைத்து வைத்தால் மணம் போய்விடும். ஆகவே அதைத் திறப்புக்கு மூன்று நாள் முன்னால் தவிர வேறெங்கும் வைக்க முடியாது. இப்படி இடம் மாற்றவே முடியாத வேலைகளைக் காலண்டரில் முதலில் குறியுங்கள். மற்றதை அவற்றைச் சுற்றி அடுக்கலாம்.

படி 4: காலண்டரில் இல்லாத நாட்களைக் கழியுங்கள்

77 நாள் என்றேன், அது பொய்க் கணக்கு. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறக்கிறது. ஆடியில் அட்வான்ஸ் வாங்கவும் தயங்குவார்கள், கொடுக்கவும் தயங்குவார்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை, கட்டட உரிமையாளருக்கு இருந்தால் போதும். ஆகவே அக்ரிமென்ட் ஆனியிலேயே முடிய வேண்டும்.

அப்புறம் சேலத்துக்கென்று ஒரு கணக்கு உண்டு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, குகையில் வண்டி வேடிக்கை, ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு மாரியம்மனுக்குப் பொங்கல். உள்ளூர் விடுமுறை என்னவோ ஒரு நாள்தான், ஆனால் வேலையாட்கள் அந்த வாரம் முழுக்கக் கிடைக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் ஆடிப்பெருக்கு, பின்னால் ஆகஸ்ட் 15. ஆகஸ்ட் முதல் பாதியில் எனக்குக் கிடைப்பது பாதி நாள்தான் என்றே எடுத்துக்கொள்வேன். வெளியூரிலிருந்து மெஷின் அனுப்புகிறவருக்கு இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படி 5: எத்தனை நாள் ஆகும் என்று கேட்காதீர்கள்

கார்பென்டரிடம் “எத்தனை நாள் ஆகும்?” என்றால், “ஒரு வாரத்துல முடிச்சுத் தந்துடறேங்க” என்பார். பொய் சொல்லவில்லை, எல்லாம் சரியாக நடந்தால் ஆகும் நாளைச் சொல்கிறார். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிய விஷயம் இது: நம் வேலையை நாமே கணிக்கும்போது, இதே மாதிரி வேலைகள் முன்பு எப்படி முடிந்தன என்பதை மறந்துவிடுகிறோம். ஆகவே, “போன தடவை இதே அளவுக் கடை செஞ்சீங்களே, என்னைக்கு ஆரம்பிச்சு என்னைக்குச் சாவி குடுத்தீங்க?” என்று கேளுங்கள். அந்தப் பதிலை நோட்டில் எழுதுங்கள்.

அரசு வேலைக்கும் இதே. உணவுப் பாதுகாப்புப் பதிவு விதியில், 7 நாளில் பதிவு கொடுக்கலாம், மறுக்கலாம், அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் தரலாம். ஆய்வு என்றால் 30 நாள் வரை போகும். திட்டத்தில் 30 போடுங்கள். ஏழில் வந்தால் லாபம்.

படி 6: கூடுதல் நாட்களை ஓரிடத்தில் வையுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நாள் கூடுதலாகப் போட்டால் அந்த இரண்டு நாளும் அந்தந்த வேலையிலேயே கரைந்துவிடும். யாரும் முன்னதாக முடித்துத் தர மாட்டார்கள். வேலைகளுக்கு நியாயமான நாள் மட்டும் கொடுத்து, மிச்சத்தை மொத்தமாகக் கடைசியில் வையுங்கள். நம் அட்டவணை இப்படி வரும்:

ஆகஸ்ட் 30: திறப்பு.
ஆகஸ்ட் 27 முதல் 29: வறுவல், அரைவை, பாக்கெட்.
ஆகஸ்ட் 18 முதல் 26: காலி. எந்த வேலையும் எழுதக் கூடாது.
ஆகஸ்ட் 17: சோதனை வறுவல் முடிந்திருக்க வேண்டும்.
ஆகஸ்ட் 10: ஸ்டிக்கர் கையில்.
ஜூலை 30: பதிவு எண் கையில்.
ஜூலை 25: மர வேலை முடிவு.
ஜூன் 30: பதிவுக்கும் மின் இணைப்புக்கும் விண்ணப்பம்.
ஜூன் 25: அக்ரிமென்ட்.

அந்த ஒன்பது நாள் காலியைப் பார்த்தால் யாருக்காவது கை அரிக்கும். “அதான் ஒம்பது நாள் இருக்கே” என்பார்கள். கொடுக்காதீர்கள். அது சிவப்புச் சங்கிலி அறுந்தால் மட்டும் எடுக்க வேண்டியது.

படி 7: வெட்டும் தேதி

‘இருந்தால் நல்லது’ பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி எழுதுங்கள். அந்தத் தேதிக்குள் இது நடக்கவில்லையென்றால் விட்டுவிடுவோம் என்று அர்த்தம். சொந்த டிசைனில் அச்சடித்த கவருக்குப் பதிவு எண்ணுக்கு அப்புறம் அச்சுக்கான சிலிண்டர் செய்து, குறைந்தபட்ச ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஜூலை 20-க்குள் எண் வந்தால் அச்சடித்த கவர், வராவிட்டால் வெறும் கவரில் ஸ்டிக்கர். ஜூலை 20 அன்று இரவு இதைப் பற்றி விவாதமே கிடையாது, முடிவு ஏற்கெனவே எடுத்தாச்சு. ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட்டை யாரும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை, உள்ளே தூள் நன்றாக இருந்தால்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கால் மணி நேரம் காலண்டர் முன்னால் நில்லுங்கள். முடிந்ததை அடியுங்கள். ‘தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது’ என்று யாராவது சொன்னால் முடியவில்லை என்றே குறியுங்கள். காலி நாட்களில் எத்தனை போயிற்று என்பதை ஓரத்தில் எழுதுங்கள். ஜூலை முடிவதற்குள் அதில் பாதி போய்விட்டால் ‘இருந்தால் நல்லது’ பட்டியலை மொத்தமாக ‘திறந்த பிறகு’க்குத் தள்ளுங்கள்.

ஆகஸ்ட் 29 மாலைக்குத் தனியாக ஒரு சின்னப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்: வங்கியில் மாற்றிய சில்லறை, க்யூஆர் கோடு ஸ்பீக்கர் சார்ஜ், பில் மெஷினுக்குப் பேப்பர் ரோல், காலையில் வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கப் பாலுக்குச் சொல்லி வைப்பது. பால்காரரிடம் 28-ஆம் தேதியே சொல்லிவிடுங்கள், முகூர்த்த நாளில் கூடுதல் பால் கேட்டால் கிடைக்காது.