'இக்னரன்ட்': எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

சாதாரண தரப் பரீட்சைக்குக் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதும் பிள்ளைகளின் கொப்பிகளில் இந்த வாக்கியம் தவறாமல் வரும்: 'மை கிராண்ட்மதர் இஸ் இக்னரன்ட்.' பிள்ளை சொல்ல வந்தது, பாட்டி படிக்காதவர் என்று. வாசிப்பவருக்குக் கேட்பதோ, பாட்டி ஒன்றும் தெரியாத மக்கு என்று. அகராதியில் 'அறியாத', 'கல்வியறிவற்ற' என்று இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கும் இளக்காரத்தை மட்டும் அகராதி சொல்லாது.

ரெண்டு இலையும் மொட்டும் பார்த்துத் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர், கவ்வாத்து வெட்டிய செடியில் முதல் கொழுந்தை எந்த உயரத்தில் எடுக்க வேண்டும் என்று கண்ணாலேயே சொல்கிறவர் எப்படி இக்னரன்ட் ஆவார்? அந்தத் தலைமுறைக்குப் பல தோட்டப் பாடசாலைகளில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் வகுப்பே இருக்கவில்லை. அதை அப்படியே எழுதுங்கள்: 'ஷீ ஸ்டடீட் ஒன்லி அப் டு கிரேட் ஃபைவ்.' பள்ளிக்கூடமே போகாதவர் என்றால் 'ஷீ நெவர் வென்ட் டு ஸ்கூல்.' எழுத வாசிக்கத் தெரியாது என்றால் 'ஷீ கான்ட் ரீட் ஓர் ரைட்.' 'இல்லிட்டரேட்' என்பதும் இதே பொருள்தான். படிவத்திலும் புள்ளிவிவரத்திலும் வரலாம், சொந்தப் பாட்டிக்கு வேண்டாம். 'அன்எஜுகேட்டட்' அதைவிடக் கொஞ்சம் மெது, ஆனாலும் உறுத்தும்.

அப்படியானால் இந்தச் சொல் எதற்கு? ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு விஷயம் தெரியாது என்று சொல்ல. எது தெரியாது என்பதைச் சொல்லாமல் தனியாக விட்டால் ஆளையே திட்டியதாகிவிடும். 'ஹீ இஸ் இக்னரன்ட்' என்றால் வசை. 'ஹீ இஸ் இக்னரன்ட் ஒஃப் த நியூ ரூல்' என்றால் புதிய விதி அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பின்னால் வரும் 'ஒஃப்'தான் குத்தலைக் குறைக்கிறது.

விதி, உண்மை, உரிமை போன்ற குறிப்பான ஒன்றுக்கு 'ஒஃப்' போடுங்கள். ஒரு துறை முழுவதற்கும் 'அபவுட்' பொருந்தும்: 'ஐ ஆம் இக்னரன்ட் அபவுட் கம்பியூட்டர்ஸ்.' தன்னைப் பற்றித் தானே சொல்லும்போது இது அடக்கமாகவே ஒலிக்கும். நம்மவர்கள் 'இக்னரன்ட் டு' என்று பிழையாகப் போடுவதற்குக் காரணம் தமிழ்தான். 'எனக்குத் தெரியாது' என்பதில் உள்ள 'கு' ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. 'இக்னரன்ட் இன் மேத்ஸ்' என்பதும் 'கணக்கில்' என்ற 'இல்'லின் வேலை. கணக்கில் மட்டம் என்று சொல்ல 'வீக் இன் மேத்ஸ்' போதும். 'இன்னது நடந்தது தெரியாது' என்று முழு வாக்கியமே பின்னால் வந்தால் 'அன்எவேர் தட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், நன்றாக ஓடும்.

எழுத்துக்கூட்டல்: ஐ, ஜி, என், ஓ, ஆர், ஏ, என், டி. 'ஆர்' அடுத்து 'ஈ' போடுவதுதான் வழக்கமான பிழை. அழுத்தம் முதல் அசையில்: இக்-னரன்ட். உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் 'ஆன்' வரும்: 'ஆன் இக்னரன்ட் கமென்ட்.' பெயர்ச்சொல் 'இக்னரன்ஸ்'. அதற்குப் பன்மை கிடையாது, முன்னால் 'ஆன்' போடுவதும் கிடையாது. சட்டம் தெரியாது என்பது சாக்காகாது என்பதை 'இக்னரன்ஸ் ஒஃப் த லோ இஸ் நோ எக்ஸ்கியூஸ்' என்பார்கள்.

அலுவலகக் கடிதத்தில்தான் சொல் தெரிவு உண்மையிலேயே காரியத்தைக் கெடுக்கும். ஓய்வுபெற்ற அம்மாவின் ஊழியர் சேமலாப நிதி விண்ணப்பம் பிந்திவிட்டது, மகள் விளக்கக் கடிதம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'மை மதர் வாஸ் இக்னரன்ட் ஒஃப் த ப்ரொசீஜர்' என்று எழுதினால் இலக்கணம் சரி. ஆனால் குறை அம்மாவின் தலையில் விழுகிறது. 'வாஸ் நொட் எவேர் ஒஃப்' என்றால் நடுநிலை. யார் மீதும் பழி இல்லை. 'வாஸ் நொட் இன்ஃபோர்ம்ட் ஒஃப்' என்றால் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை என்று பொருள். உண்மையிலேயே யாரும் சொல்லவில்லை என்றால் மூன்றாவதைத் தயங்காமல் எழுதுங்கள். துண்டறிக்கை ஒட்டியிருந்தார்கள், பார்க்கத்தான் தவறிவிட்டது என்றால் இரண்டாவதோடு நில்லுங்கள்.

'இக்னோர்' என்ற வினையை இதோடு குழப்பாதீர்கள். வேர் ஒன்றுதான், லத்தீனில் 'தெரியாமல் இருத்தல்'. இன்றைய ஆங்கிலத்தில் 'இக்னோர்' என்றால் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவது. 'ஹீ இக்னோர்ட் த நோட்டீஸ்' என்றால் அறிவித்தலைப் பார்த்தும் பொருட்படுத்தவில்லை. அறிவித்தல் வந்ததே தெரியாதவரைப் பற்றி இப்படி எழுதினால் அவர் செய்யாத குற்றத்தைச் சுமத்துகிறீர்கள்.

'இக்னரேமஸ்' என்று ஒரு பெயர்ச்சொல்லும் உண்டு. லத்தீனில் 'எங்களுக்குத் தெரியாது' என்று பொருள். சாட்சியம் போதாத குற்றப்பத்திரத்தின் முதுகில் இங்கிலாந்து ஜூரிமார் எழுதி வந்த குறிப்பு. 1615இல் கேம்பிரிட்ஜில் மேடையேறிய ஒரு நாடகத்தில் வந்த வக்கீலின் பெயராகி, பிறகு மூடனைக் குறிக்கும் சொல்லாயிற்று. பன்மை 'இக்னரேமஸஸ்'. கேலிக்கு மட்டும்தான், பரீட்சைத் தாளுக்கு அல்ல.

லண்டனில் இருக்கும் உறவுக்காரர் யாரையாவது 'சோ இக்னரன்ட்!' என்று சலித்துக்கொண்டால், அறிவில்லாதவர் என்று திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரித்தானியப் பேச்சு வழக்கில் அதற்கு மரியாதை தெரியாதவர் என்றும் பொருள் உண்டு. வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் போகிறவரையும், வணக்கம் சொன்னால் திரும்பிப் பார்க்காதவரையும் அங்கே அப்படிச் சொல்வார்கள்.