கோலாலம்பூரில் வாடகையா, சொந்த வீடா? வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிமுறை

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து ஓராண்டு ஆனதும் பலர் மனதில் ஒரே கணக்கு ஓடும்: "மாதம் 3,800 ரிங்கிட் வாடகை போகிறது. அதையே வங்கித் தவணையாகக் கட்டினால் வீடாவது மிஞ்சுமே?" நம் அப்பாக்கள் காலத்திலிருந்து வரும் கணக்கு இது. இங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், இருப்பவருக்குப் பெரும்பாலும் அது தப்பாகிறது. காரணம் வாடகையோ வட்டியோ அல்ல. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் கட்டுகிற பணம். ஆகவே வீட்டைப் பார்க்கும் முன் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

படி 1: உங்கள் பாஸைப் பாருங்கள்

எம்ப்ளாய்மென்ட் பாஸ் உங்கள் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் பாஸும் போகும். புது நிறுவனம் புது பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இதில் புதியவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. வெளிநாட்டவர் வேலையை விட்டு நாட்டை விட்டுக் கிளம்பும்போது, நிறுவனம் வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்னுக்குத் தெரிவித்து, வரிக் கணக்கு முடிந்ததற்கான கடிதம் வரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும். அதாவது கையில் பணம் வராத அந்த வாரங்களிலும் வீட்டுக்கடன் தவணை அதன் தேதிக்கு வந்து நிற்கும். வாடகைக்காரருக்கு அந்தத் தொல்லை ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும்.

ஐந்தாண்டுக்குக் குறையாமல் இங்கேயே இருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையா? படி 4-க்குப் போய்விடுங்கள். இடையில் இருப்பதைப் பிறகு படிக்கலாம்.

படி 2: உங்களுக்கு எந்த வீடு விற்கப்படலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாலு லட்சம், ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்குச் செந்தூலிலும் செராஸிலும் நல்ல வீடுகள் விளம்பரத்தில் வரும். அவை உங்களுக்கு இல்லை. கோலாலம்பூரில் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்குப் பொதுவான குறைந்தபட்ச விலை 10 லட்சம் ரிங்கிட். பக்கத்தில் இருந்தாலும் சிலாங்கூர் வேறு மாநிலம். அதற்குத் தனி வரம்பு. பினாங்கிலும் தீவுக்கு ஒரு வரம்பு, எதிர்க்கரைக்கு அதைவிடக் குறைந்த வரம்பு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் மாநில அரசின் அப்போதைய வரம்பை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே ஏஜெண்டிடம் பேசுங்கள். சலுகைக் காலங்களில் அது மாறும்.

விலை சரியாக இருந்தாலும் மலாய்க்காரருக்கென்று ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலம், பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) ஒதுக்கீட்டு வீடுகள், குறைந்த விலை வீடுகள் ஆகியவற்றை வெளிநாட்டவர் வாங்க முடியாது. மற்றவற்றுக்கும் தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மலேசியரை மணந்தவர்களும் கவனியுங்கள்: திருமணத்தால் மட்டும் நீங்கள் உள்நாட்டவர் ஆகிவிடுவதில்லை.

படி 3: காகிதத்தில் ஐந்தாண்டுக் கணக்கு போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். 10 லட்சம் ரிங்கிட் காண்டோ (அடுக்குமாடி வீடு), 70 விழுக்காடு கடன், 4 விழுக்காடு வட்டி, 30 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் நுழைவுச் செலவு. பெயர் மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை மலேசியருக்குப் படிப்படியாக ஏறும். 10 லட்சத்துக்கு 24,000 ரிங்கிட்தான். நிரந்தரவாசி அல்லாத வெளிநாட்டவருக்கு 2024-இல் அது ஒரே விகிதமாக 4 விழுக்காடு ஆனது. 2026 பட்ஜெட்டில் குடியிருப்பு வீடுகளுக்கு அதை 8 விழுக்காடாக உயர்த்தி, 2026 ஜனவரி 1 முதல் என்று அறிவித்தார்கள். ஆக 80,000. வாங்கும் ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் சுமார் 11,250. கடன் ஒப்பந்தத்துக்குச் சுமார் 8,250. 7 லட்சம் கடனுக்கு அரை விழுக்காடு தீர்வை 3,500. கூட்டினால் 1,03,000 ரிங்கிட். சேவை வரியும் மாநில ஒப்புதல் கட்டணமும் இதில் சேரவில்லை. முன்பணமான 3 லட்சம் தனி.

அடுத்து, இருக்கும்போது ஆகும் செலவு. மாதத் தவணை ஏறக்குறைய 3,340 வரும். வாடகை 3,800-ஐவிடக் குறைவு என்று இங்கேதான் எல்லோரும் துள்ளுகிறார்கள். ஆனால் ஐந்தாண்டில் கட்டும் இரண்டு லட்சத்தில் ஏறத்தாழ 1,33,600 வட்டிக்கே போகும்; அசல் குறைவது 67,000 அளவுதான். கட்டடப் பராமரிப்புக்கான மெயின்டனன்ஸும், பெரிய பழுதுகளுக்குச் சேர்த்து வைக்கும் சிங்க்கிங் ஃபண்டும் சேர்த்து மாதம் 400 என்றால் இன்னொரு 24,000.

கடைசியாக வெளியேறும் செலவு. வாங்கிய விலைக்கே விற்றாலும், ஏஜெண்ட் கமிஷன் 3 விழுக்காடு என்றால் 30,000.

திரும்பி வராத பணம் மொத்தம் சுமார் 2,90,600 ரிங்கிட். வாடகையோ 3,800 வீதம் 60 மாதத்துக்கு 2,28,000. வாடகை ஓரளவு ஏறினாலும், நாலு லட்சம் ரிங்கிட் உங்கள் கணக்கிலேயே கிடந்து வட்டி தருவதை எதிர்ப்பக்கம் வையுங்கள்.

"விலை ஏறுமே" என்பீர்கள். ஏறட்டும். வெளிநாட்டவர் ஐந்தாண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. ஆறாம் ஆண்டிலிருந்து 10 விழுக்காடு. அதோடு, கோலாலம்பூரில் சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகள் விற்காமல் தேங்கிக் கிடப்பது பல ஆண்டாகவே நாளிதழ்களில் வரும் செய்தி. பழைய வீட்டை விற்கப் போகும்போது பக்கத்திலேயே புதுக் கட்டடம் தள்ளுபடியோடு நின்றால் யார் உங்களிடம் வருவார்கள்?

உங்கள் வீட்டு விலையையும் வாடகையையும் வைத்து இதே கணக்கைப் போடுங்கள். பத்தாண்டு என்றால் விடை மாறக்கூடும். இரண்டாண்டு, மூன்றாண்டு என்றால் மாறாது.

படி 4: வாடகைக்கு எடுங்கள், ஆனால் ஒழுங்காக எடுங்கள்

இடத்தை ரயிலை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தால் கேஎல் சென்ட்ரல் நடை தூரம்; கறிவேப்பிலைக்கும் கோயிலுக்கும் கார் எடுக்க வேண்டாம். பங்சார் சவுத்தில் அலுவலகம் என்றால் கெலானா ஜெயா எல்ஆர்டி வழித்தடத்தில் எங்கு வேண்டுமானாலும் பார்க்கலாம். மோண்ட் கியாராவில் குடும்பங்களுக்கு வசதி அதிகம், ஆனால் கார் இல்லாமல் சிரமம்.

ஏஜெண்ட் கழுத்தில் மாட்டியிருக்கும் அட்டையில் ரென் எண் என்ற பதிவு எண் இருக்கும். அதை வீட்டு ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பணத்தை ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். வீட்டுக்காரர் கணக்கு அல்லது ஏஜென்சியின் நிறுவனக் கணக்கு மட்டும். ஏஜெண்ட் கூலியைப் பொதுவாக வீட்டுக்காரர்தான் தருவார்.

"இந்தியர்களுக்கு இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதும் விளம்பரங்களையும் பார்ப்பீர்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். முதல் தொலைபேசி அழைப்பிலேயே எங்கிருந்து வருகிறோம், எத்தனை பேர், வீட்டில் தினமும் சமைப்போம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர் வாசல் வரை போய்த் திரும்பும் வேலை மிச்சம். சமையல் என்றதும் ஒன்று: ஜன்னலோடு கூடிய வெட் கிச்சன் (தனியாக அடைத்த சமையலறை) இருக்கிறதா பாருங்கள். ஹாலோடு ஒட்டிய திறந்த சமையலறையில் மீன் குழம்பு வைத்தால் சோபா வரை மணக்கும், காலி செய்யும்போது அதுவே டெபாசிட்டுக்கு வினையாகும்.

வீடு பார்க்கப் போவதை மாலையில் வைத்துக்கொண்டால் மேற்கு வெயில் எந்த அறையில் அடிக்கிறது என்று தெரியும். ஏசியை எல்லா அறையிலும் போட்டுப் பாருங்கள். எந்த ஃபைபர் நிறுவனம் அந்தக் கட்டடத்துக்குள் வந்திருக்கிறது என்று காவலாளியிடம் கேளுங்கள்; சில கட்டடங்களில் ஒன்றுக்கு மேல் இருக்காது.

பிடித்துவிட்டதா? பணம் இப்படிப் போகும். 2,500 ரிங்கிட் வாடகை என்றால் இரண்டு மாத டெபாசிட் 5,000, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் 1,250, முதல் மாத வாடகை 2,500. மொத்தம் 8,750. ஆக்சஸ் கார்டுக்குத் தனி டெபாசிட் கேட்கலாம். வீட்டைப் பிடித்து வைக்க முதலில் கொடுக்கும் ஒரு மாதத் தொகை பிறகு முதல் வாடகையாகக் கழியும். அப்படிக் கழியும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் மலேசியாவில் பல ஆண்டாகப் பேச்சில்தான் இருக்கிறது. தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும். நான் பார்க்கச் சொல்வது நான்கு இடங்கள். முதலாவது டிப்ளமாட்டிக் கிளாஸ்: வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, பன்னிரண்டு மாதத்துக்குப் பின் இரண்டு மாத நோட்டீஸில் டெபாசிட்டை இழக்காமல் வெளியேறலாம் என்ற ஷரத்து. பாஸில் இருப்பவருக்கு இதைவிட முக்கியமான வரி அந்தத் தாளில் இல்லை. பன்னிரண்டை ஆறாகக் குறைக்கக் கேட்டுப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் வீடென்றால் சிலர் ஒப்புவார்கள். பிறகு, எத்தனை ரிங்கிட் வரையான பழுது உங்கள் தலையில், டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு ஏறலாம். மூன்றுக்கும் எண் இருக்க வேண்டும். "நியாயமான அளவு" என்று விட்டால் அந்த நியாயம் வீட்டுக்காரருடையதாகிவிடும்.

கையெழுத்தான 30 நாளுக்குள் எல்எச்டிஎன்னில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் ஓராண்டு ஒப்பந்தம் வரை 1 ரிங்கிட், ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 ரிங்கிட். நம் உதாரணத்தில் ஓராண்டுக்கு 120, இரண்டாண்டுக்கு 360. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

சாவி கைக்கு வந்த அன்றே மின் மீட்டர், சுவர்க் கறை, மெத்தை, குளியலறைக் குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் இருந்தால் பயனில்லை.

படி 5: அப்படியும் வாங்குவதென்றால்

துணைவர் மலேசியர், பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள், பத்தாண்டுக்கு நகரப்போவதில்லை என்பவர்கள் வாங்கலாம். வாங்குமுன் அதே கட்டடத்தில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். லிஃப்ட் பழுதானால் எத்தனை நாளில் சரியாகிறது, எத்தனை வீடுகள் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருக்கின்றன என்று அறிவிப்புப் பலகையே சொல்லிவிடும்.

உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வையுங்கள். விற்பவரின் வழக்கறிஞர் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிலம் நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா, குத்தகையில் எத்தனை மிச்சம், அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்குமான ஸ்ட்ராட்டா பட்டா தனியாக வந்துவிட்டதா, குடியிருப்பு நிலமா வணிக நிலமா என்று அவர் நில அலுவலகத்தில் தேடிச் சொல்வார். வணிக நிலமென்றால் தண்ணீர்க் கட்டணமும் மதிப்பீட்டு வரியும் கூடுதலாக வரலாம். கடன் கிடைக்காவிட்டாலோ மாநில ஒப்புதல் மறுக்கப்பட்டாலோ முன்பணம் திரும்ப வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு வீட்டை வாடகைக்கு விட்டால், மலேசியாவில் வரிவாசி அல்லாதவர் என்ற முறையில் நிகர வாடகை வருமானத்துக்கு 30 விழுக்காடு வரி. விற்கும்போது, வெளிநாட்டவர் விற்பனையில் விலையில் 7 விழுக்காட்டை வாங்குபவரின் வழக்கறிஞர் பிடித்து எல்எச்டிஎன்னுக்குக் கட்டுவார். கணக்கு முடிந்த பின்பே மிச்சம் திரும்பும். இந்தியாவில் சாதாரண வரிவாசி ஆனதும் அந்த வீட்டை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். வாடகை வராமல் பூட்டிக் கிடந்தாலும் காட்ட வேண்டும். விட்டுப்போனால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு. வாங்கிய பத்திரம், வங்கிப் பரிமாற்றம், தீர்வை ரசீது மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு ஊருக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள ஆடிட்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.