குறைந்த செலவில் ஹேமக், தார்ப்பாய்: காசு எங்கே வீணாகிறது?

மலையேற்றத்துக்கு ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணித் தொட்டில்) வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஹேமக் துணியைத்தான் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். நிறம், விலை, '200 கிலோ தாங்கும்' என்ற வாசகம், அவ்வளவுதான், ஆர்டர் போட்டாயிற்று. உண்மையில் மொத்த செட்டிலும் துணிந்து மலிவாக வாங்கக்கூடிய பொருள் அந்தத் துணி ஒன்றுதான். முதுகுக்கு அடியில் குளிரைத் தடுப்பது, மேலே மழையைத் தடுப்பது, மரத்தோடு பிணைப்பது, இந்த மூன்றிலும்தான் கணக்கு தப்புகிறது. தப்பிய பிறகு மறுபடி வாங்க வேண்டியிருப்பதால், மலிவாக ஆரம்பித்தது இரண்டு மடங்கு செலவில் வந்து நிற்கும்.

துணியிலேயே ஒரு தவறு உண்டு, அதை முதலில் முடித்துவிடுவோம். 'டபுள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பெரியது, வசதியானது என்று எடுப்பது. அந்த டபுள் அகலத்தைச் சொல்கிறது, நீளத்தை அல்ல. இரண்டு பேர் படுத்தால் ராத்திரி முழுக்க நடுவில் சரிந்து ஒருவர் மேல் ஒருவர் கிடக்க வேண்டியதுதான். ஒருவர் படுத்தால் மிச்சத் துணி முகத்தில் படபடக்கும், சுமையும் கூடும். வசதி வருவது நீளத்தில். ஹேமக்கில் நேர்க்கோட்டில் படுத்தால் உடம்பு வாழைப்பழம் மாதிரி வளையும். தலையை ஒரு ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்கும் தள்ளிக் கோணலாகப் படுத்தால்தான் முதுகு கிட்டத்தட்ட சமமாகும். அதற்கு நீளம் வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 9 அடி, 9.5 அடி. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு 10 அடி போதும், ஆறடியை நெருங்குகிறவர் 11 அடிக்குக் கீழே போகவே வேண்டாம். நீளம் பற்றாத ஹேமக்கில் கெண்டைக்காலுக்கு அடியில் துணி ஒரு வரப்பு போல விறைத்து நின்று, முழங்காலைப் பின்பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

அடுத்தது கட்டும் விதம். தொய்வே இல்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டினால் நேராகப் படுக்கலாம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு: துணியின் இரண்டு ஓரமும் தோளை நெருக்கும், ஹேமக்கை மரத்தோடு பிணைக்கும் பட்டைகளில் ஏறும் இழுவிசையும் பயங்கரமாகக் கூடும். கணக்கைப் பாருங்கள். 80 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ இழுவிசை. 15 டிகிரி என்றால் ஏறக்குறைய 155. 5 டிகிரியில் ஏறக்குறைய 460. 'இத்தனை கிலோ தாங்கும்' என்று அட்டையில் போட்டிருப்பது இந்த மாதிரிக் கட்டுக்கு அல்ல. கோணத்தை அளக்க கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரலை மேலே நிமிர்த்தி, ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டுங்கள். இரண்டு விரல் நுனிகளையும் சேர்க்கும் கற்பனைக் கோடுதான் சுமார் 30 டிகிரி. பட்டை அந்தச் சாய்வில் இருந்தால் சரி.

ஒவ்வொரு தடவையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றால், ஹேமக்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய, இழுபடாத கயிறு கட்டிவிடுங்கள். இதை ரிட்ஜ்லைன் என்பார்கள். ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் என்பது பலருக்கும் ஒத்துவரும் அளவு, அதாவது 11 அடிக்குச் சுமார் 9 அடி. மரங்களின் இடைவெளி கொஞ்சம் முன்பின் இருந்தாலும் தொய்வு ஒரே மாதிரி வரும். மூக்குக் கண்ணாடி, டார்ச் மாட்டவும் ஆகும். செலவு என்று பார்த்தால் கொஞ்சம் கயிறு, அவ்வளவே.

ஹேமக்கோடு இலவசமாக வரும் கயிற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். குறைந்தது 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டை வேண்டும், அதுவும் பாலியெஸ்டர். நைலான் பட்டை பாரத்தில் நீளும், ஈரமானால் இன்னும் நீளும். ராத்திரி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் படுத்தவர் விடியற்காலையில் இடுப்பு தரையைத் தட்ட எழுவார். நெடுக வளையம் வளையமாகத் தைத்த பட்டைகள் சுலபம்தான், ஆனால் கனம். ஒரு பக்கம் மட்டும் வளையம் வைத்த வெறும் பட்டையும், ஒரு கொக்கியோ முடிச்சோ இருந்தால் வேலை முடிந்தது. செட்டில் வரும் இரும்புக் காரபினர்களை (திறந்து மூடும் கொக்கி வளையங்களை) ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள், எதற்கு இதைச் சுமக்கிறோம் என்று தோன்றும்.

சரி, இப்போது குளிர். இருப்பதிலேயே பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. 'எங்கிட்ட நல்ல ஸ்லீப்பிங் பேக் இருக்கு, அது போதும்' என்று நினைப்பது. ஸ்லீப்பிங் பேக் கதகதப்பாக இருப்பது அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றால். நீங்கள் மேலே படுத்ததும் அடிப்பக்கம் நசுங்கி, காற்று போய், வெறும் துணியாகிவிடும். தரையில் படுத்தால் கீழே ஒரு மேட் இருக்கும். ஹேமக்கில் முதுகுக்கு அடியில் ஓடுவது காற்றுதான், அது உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே போகும். 20 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே பலருக்கு முதுகு சில்லிட ஆரம்பித்துவிடும், மேலே எத்தனை போர்த்தினாலும்.

இதற்கென்றே இருப்பது அண்டர்குயில்ட், ஹேமக்குக்கு வெளியே அடியில் தொங்கும் ரஜாய். நசுங்காது என்பதுதான் அதன் சூட்சுமம். விலைதான் இடிக்கும், நல்ல இறகு நிரப்பியது ஹேமக்கைவிடப் பல மடங்கு. மலிவான வழி சாதாரண ஃபோம் மேட். வழுக்கும், தோளுக்கு அகலம் பற்றாது. ஆகவே இரட்டை அடுக்குத் துணியுள்ள ஹேமக் வாங்கி, இரண்டு அடுக்குக்கும் நடுவில் மேட்டைச் செருகுங்கள். பழைய மேட் ஒன்றை வெட்டித் தோள் பக்கம் இரண்டு சிறகு மாதிரி ஒட்டிக்கொண்டால் அகலப் பிரச்சினையும் தீரும். ஹேமக் துணியில் நான் கூடுதல் காசு கொடுக்கச் சொல்வது இந்த இரண்டாம் அடுக்குக்கு மட்டும்தான்.

அண்டர்குயில்ட் வாங்கியும் குளிர்கிறது என்பவர்கள் பெரும்பாலும் அதைத் தொளதொளவென்று மாட்டியிருப்பார்கள். நடுவில் இடைவெளி விட்டால் அங்கே குளிர்காற்று தேங்கும். மிக இறுக்கினாலோ நிரப்பு நசுங்கிவிடும். நீங்கள் படுத்திருக்கும்போது கூட வந்தவரைக் கீழிருந்து உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியதும் முதுகில் உணர்ந்தால் சரி. கை வெற்றிடத்தில் மேலே போய்த்தான் முதுகைத் தொடுகிறது என்றால் இழுகயிற்றைக் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

தார்ப்பாயில் முதலில் பார்க்க வேண்டியது நீளம். ஹேமக் தொங்கும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தோடு பக்கத்துக்கு 15 சென்டிமீட்டராவது கூட இருக்க வேண்டும். 11 அடி ஹேமக் 9 அடி தூரத்தில் தொங்குகிறது என்றால் 10 அடி தார்ப்பாய் குறைந்தபட்சம், 11 அடி நிம்மதி. 3 மீட்டர் சதுரத் தார்ப்பாய் மலிவாகக் கிடைக்கும், அதை மூலைக்கு மூலை தொங்கவிட்டால் 4.2 மீட்டர் நீளம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கும்தான், ஆனால் முனைகளை நோக்கிப் போகப் போக மறைப்பு குறுகிவிடும். சாரல் அடித்தால் நனைவது கால்மாடுதான்.

துணி விஷயம்: சிலிக்கான் பூசிய நைலான் இலேசானது, உறுதியானது, ஆனால் ஈரத்தில் நீண்டு தொய்ந்துவிடும், நடுராத்திரி எழுந்து இழுத்துக் கட்ட வேண்டும். சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர் அந்த அளவுக்குத் தொய்யாது. பட்ஜெட்டில் வாங்குகிறவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான். நீர் தாங்கும் திறன், அதாவது துணி கசியாமல் தாங்கும் நீரின் உயரம், 1500 மில்லிமீட்டர் இருந்தால் தார்ப்பாய்க்குப் போதும், 3000, 5000 என்று எண்ணைத் துரத்தினால் பெரும்பாலும் கனமான பூச்சைத்தான் சுமப்பீர்கள். தையல் ஓட்டைகளை அடைக்கும் பசையில் கவனம்: சிலிக்கான் பூச்சுக்குச் சிலிக்கான் பசை, பாலியூரித்தேன் பூச்சுக்கு அதற்கானது. மாற்றிப் பூசினால் உரிந்து வந்துவிடும்.

தார்ப்பாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மரத்தில் வழியும் மழைநீர் பட்டை வழியாகவே ஹேமக்குக்குள் வரும். தார்ப்பாயின் மறைவுக்குள், ஹேமக் தொடங்குவதற்குச் சற்று முன்னால், பட்டையில் ஒரு பழைய ஷூ லேஸ் துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

எடை போடும்போது விளம்பரத்து எண்ணை நம்பாதீர்கள். 500 கிராம் ஹேமக், 300 பட்டை, முளையும் கயிறும் சேர்த்துத் தார்ப்பாய் 700, கொசுவலை 350, அண்டர்குயில்ட் 600 என்றால் இரண்டரை கிலோவுக்கு 50 கிராம்தான் குறைவு. ஒருவர் தங்கும் பல கூடாரங்கள் இதைவிட இலேசு. எடைக்காக மட்டும் ஹேமக்குக்கு மாறுகிறவர்கள் இந்தக் கூட்டலை வாங்குவதற்கு முன்பே சமையலறைத் தராசில் போட்டுப் பார்ப்பது நல்லது.

செலவைக் குறைக்கப் பழைய பொருள் வாங்குவதில் தப்பே இல்லை. ஹேமக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசி ஓட்டைகள், இழை விலகல் இருக்கிறதா என்று பாருங்கள், முனைத் தையலை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். வெயிலில் வெளுத்த பட்டை வேண்டாம். பாலியூரித்தேன் பூசிய தார்ப்பாய் என்றால் மடிப்பைப் பிரித்து உள்பக்கம் தடவுங்கள். பிசுபிசுவென்று கையில் ஒட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ பூச்சு சிதைந்துவிட்டது என்று அர்த்தம். துவைத்தாலும் காயவைத்தாலும் அது சரியாகாது, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.