குழாயும் மின்கம்பமும் எட்டாத நிலத்தில் குடியேறுவதற்கு முன்

கோலாலம்பூரில் பதினைந்தாவது மாடியில் வாடகை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களில், காராக் பக்கமோ கோலகுபுபாரு பக்கமோ ஓர் ஏக்கர் நிலம் வாங்கி, மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் இல்லாமல் வாழ்ந்துவிடலாம் என்ற பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. நானும் என் மனைவியும் செந்தூலை விட்டு அப்படிப் போனவர்கள். பெந்தோங் மாவட்டத்து நிலத்தில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் வாரியமும் மின்வாரியமும் நகராண்மைக் கழகமும் செய்துவந்த வேலை முழுவதும் நம் தலையில் ஏறிவிடுகிறது.

என் பாட்டி கித்தா (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிள்ளைகளை வளர்த்தவர். மாலையில் சில மணி நேரம் மட்டும் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும்; மற்ற நேரமெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கு. அந்த இருட்டைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைபட்டதில்லை. அவர் சொன்ன கதைகள் அனைத்தும் தண்ணீரைப் பற்றியவையே: பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) போவதற்கு முன் இருட்டிலேயே எழுந்து பொதுக் குழாயில் வாளி வைத்தது, வறட்சியில் ஆற்றங்கரை மணலைத் தோண்டி ஊற்று எடுத்தது, ஒரு முறை லயம் முழுவதற்கும் வயிற்றுப்போக்கு வந்தது. குடியேற நினைப்பவர்கள் பலர் சோலார் தகட்டின் விலையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். மின்சாரத்துக்கு முன் தண்ணீர் என்ற பாட்டியின் வரிசையே சரி என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நிலம் பார்ப்பதில் முதல் கண்ணி, மலிவாகக் கிடைக்கும் கால் ஏக்கர் மனை. தேசிய நிலச் சட்டத்தின்படி விவசாய நிலத்தை ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே, தனிப் பட்டாவாகப் பிரிக்க முடியாது. ஆகவே கால் ஏக்கர் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒரே கெரானில் (நில உரிமைப் பத்திரத்தில்) பலரும் பங்குதாரர்களாக இருக்கும் கூட்டு நிலம். உங்கள் பெயருக்கு நேராக ஒரு பின்னம் எழுதியிருக்குமே தவிர, தரகர் ஊன்றிக் காட்டிய நான்கு கட்டைகளுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. நாங்கள் முதன்முதலில் முன்பணம் கொடுத்தது அப்படிப்பட்ட மனைக்குத்தான். மாவட்ட நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' எனப்படும் அதிகாரபூர்வத் தேடலை எடுத்துப் பார்த்தபோது அதே கெரானில் இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. தரகர் கைக்குப் போன பணம் திரும்பவில்லை. அந்தத் தேடலுக்கான கட்டணம் நாங்கள் இழந்த தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆகவே கையெழுத்துக்கு முன், பணத்துக்கு முன், அதை எடுத்துவிடுங்கள்.

அந்தத் தாளில் நான்கு செய்திகளைத் தேட வேண்டும். நிலம் மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலமா என்பது முதலாவது. அப்படியென்றால் நம்மவர் பெயருக்கு மாற்ற இயலாது, வாய்மொழி ஒப்பந்தத்தை நம்பி அதில் வீடு கட்டியவர் ஒரு நாள் வெறுங்கையோடு இறங்க நேரிடும். அடுத்து, உரிமம் நிரந்தரமா, குத்தகையா, குத்தகையானால் எத்தனை ஆண்டுகள் மீதமுள்ளன என்பதைப் பாருங்கள். மூன்றாவதாக, நில வகை விவசாயமா, மாற்றி விற்பதற்கு மாநில அனுமதி தேவையா என்பது. விவசாய நிலத்தில் உரிமையாளர் தாம் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், கட்டட வரைபட அனுமதி உள்ளூர் மன்றத்தின் கையில் உள்ளது. அந்த அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். நான்காவது, நிலத்துக்குப் போகும் பாதை. செம்பனை லாரி போகும் மண் சாலை இருப்பதாலேயே உங்களுக்கு அதில் வழியுரிமை இருக்கிறது என்று பொருள் இல்லை. அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போகும் பாதையை அவர் நாளைக்கே சங்கிலி போட்டு அடைக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் உள்ள நிலத்தை யாரேனும் விற்க வந்தால், அதை வாங்குவதும் விற்பதும் செல்லாது என்பதால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

காகிதம் சரியாக இருந்தால் மழை நாளில் நிலத்தைப் போய்ப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஹுலு லங்காட்டிலும் பெந்தோங் மாவட்டத்திலும் ஆறுகள் வீடுகளையே அடித்துக்கொண்டு போயின. 2022 ஜூலை 4இல் கெடாவின் பாலிங் பகுதியில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. அதே ஆண்டு டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்கள்மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தனர். ஓடையை ஒட்டிய சமநிலமும் சரிவின் அடிவாரமும் பார்ப்பதற்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்கு உகந்தவை அல்ல. மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பது, தரையில் வில் போல் வளைந்த வெடிப்பு, மழை நின்ற பிறகும் சரிவிலிருந்து கலங்கல் நீர் கசிவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வேறு இடம் பாருங்கள்.

இனித் தண்ணீர். நம் நாட்டில் மழை தாராளம் என்பதால் கூரையே நமக்குக் கிணறு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 60 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை விழுந்து, சிதறலுக்கும் ஆவியாதலுக்கும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 96,000 லிட்டர் சேரும். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழித்துப் பழகிய நாம், அங்கே 70 லிட்டருக்கு இறங்கினால் நால்வர் குடும்பத்துக்கு நாளுக்கு 280 லிட்டர் போதும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தேவை ஏறத்தாழ 102,000 லிட்டர். சேர்வதும் கிட்டத்தட்ட அதுவே. ஆனால் ஆண்டுக் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும், ஏனென்றால் மழை சம்பளம்போல் மாதம் தவறாமல் வருவதில்லை. பினாங்கு, கெடா பக்கத்தில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்டு கிடக்கும். கோலாலம்பூர் பக்கத்தில் ஜூன், ஜூலையும் பிப்ரவரியும் மெலிந்த மாதங்கள். எனவே 30 நாள் ஒரு துளியும் பெய்யாது என்று வைத்துக்கொண்டு தொட்டியைத் தீர்மானியுங்கள்: 280ஐ 30ஆல் பெருக்கினால் 8,400 லிட்டர், அதாவது 400 கேலன் தாங்கி ஐந்து.

தாங்கியை உயரத்தில் வைத்தால் பம்பு இல்லாமலே குழாயில் நீர் வரும்; பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. மூன்று மீட்டர் உயரத்தில் சமையலறைக் குழாய் நன்றாகவே ஓடும், குளியல் மெதுவாக நடக்கும். ஆனால் 400 கேலன் தாங்கி நிறைந்தால் 1.8 டன் எடை என்பதை மறந்துவிடாதீர்கள். எங்கள் முதல் மேடையைப் பழைய மரச்சட்டத்தில் கட்டினோம். நவம்பர் மழையில் ஒரு கால் ஈர மண்ணில் இறங்கி, தாங்கி மெல்லச் சாய்ந்ததை நாங்கள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆகவே ஒரே ஒரு தாங்கியை மட்டும் இரும்பு மேடையில், ஒவ்வொரு காலுக்கும் சிமெண்ட் அடித்தளம் போட்டு உயர்த்துங்கள். மற்ற நான்கும் தரையில் கான்கிரீட் தளத்தின்மேல் இருக்கட்டும். சிறிய பம்பு நாளுக்கு அரை மணி நேரம் ஓடி மேலே ஏற்றிவிடும்.

முதல் மழை நீரைத் தாங்கிக்குள் விடவே கூடாது. கூரையில் பறவை எச்சமும் தூசியும் செத்த பூச்சியும் கிடக்கும். கூரை விளிம்பில் நீரைப் பிடிக்கும் பீலியிலிருந்து வரும் குழாயில், தாங்கிக்குத் திரும்பும் இடத்துக்கு முன்னால், கீழ்நோக்கி ஒரு தடித்த குழாயைத் தொங்கவிட்டு அடியில் மூடி போட வேண்டும். முதல் நீர் அதில் நிரம்பிய பிறகே தூய நீர் தாங்கிக்குத் திரும்பும். கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் அரை லிட்டராவது அதில் பிடிக்க வேண்டும். 60 சதுர மீட்டருக்கு 30 லிட்டர். மழை நின்றபின் மூடியைத் திறந்து அந்த நீரை ஒரு முறை கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள்: கட்டஞ்சாயா நிறத்தில், அடியில் கறுப்பு வண்டல் படிந்திருக்கும். அதைக் கண்ட பிறகு மூடியைத் திறந்துவிட யாரும் மறக்க மாட்டார்கள். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தாங்கியின் ஒவ்வொரு வாயையும் கொசு நுழையாத வலையால் மூடுங்கள். குடிநீரைக் கொதி வந்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். வடிகட்டி இருந்தாலும் இதில் விலக்கு வேண்டாம்.

கிணறு தோண்டுவதானால் கழிவுக் குழியிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, குழியைவிட மேட்டில் தோண்டி, சிமெண்ட் வளையம் இறக்கி, வாயை மூடிவிடுங்கள். ஆற்று நீர் மாநில அரசுக்கு உரியது. பம்பு வைத்து இறைப்பதற்கு அனுமதி கேட்க வேண்டும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அதைக் காசு கொடுத்து வாங்கிவிட முடியும். எதை எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். சிறிய குளிர்பதனப் பெட்டி நாளுக்கு 1 யூனிட். 50 வாட் மின்விசிறி இரண்டு பத்து மணி நேரம் ஓடினால் 1 யூனிட். விளக்கு, கைப்பேசி, இணையக் கருவி, பம்பு எல்லாம் சேர்ந்து 0.7 யூனிட். ஆக 2.7 யூனிட். வழியில் கால் பங்கு வீணாகும் என்று வைத்தால் தகடுகள் 3.6 யூனிட் தர வேண்டும். நம் வானில் முழு வெயிலுக்கு ஈடானது நாளுக்கு நான்கு மணி நேரம்தான் என்பதால் 900 வாட் தகடு கணக்குப்படி போதும். மேகமூட்டத்துக்காக 500 வாட் தகடு மூன்று போடுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 5 யூனிட் அளவில் இருந்தால் ஒன்றரை நாள் தாங்கும். ஏர்கோன் இந்தக் கணக்கையே ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும் என்பதால், உயர்ந்த கூரையும் எதிரெதிர் சன்னலும் வைத்து வீட்டைக் கட்டுவதில் அந்தப் பணத்தைப் போடுவது நல்லது. சமையலுக்குக் கேஸ் தோம்பு இரண்டு, கூடவே ஒரு விறகடுப்பு. தகடுகளைப் பத்துப் பாகையாவது சாய்த்து வைத்தால் மழையே கழுவிவிடும். மேற்குக் கரையில் இடி மின்னல் கடுமை. நிலக்கம்பியும் மின்னெழுச்சித் தடுப்பானும் இல்லாமல் இன்வெர்ட்டரை இயக்காதீர்கள், கம்பி இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத பள்ளத்தாக்குகளுக்கு 2023 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை வழி இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை செய்வோர் அதன் மின்செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உடல்நலத்தில் நகரத்தார் அறியாத ஆபத்துகள் மூன்று. காட்டோரத்தில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒரு வகை மலேரியா இந்நாட்டில் இன்னும் இருக்கிறது. அதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுவதால் காய்ச்சல் விரைவில் முற்றும். எலியின் சிறுநீர் கலந்த ஓடை நீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். ஆகவே எந்தக் காய்ச்சலுக்கும் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய், காட்டோரம் குடியிருப்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும், அவர் கேட்கும்வரை இருக்க வேண்டாம். மூன்றாவது பாம்பு: கடிபட்ட இடத்தைக் கீறவோ கயிற்றால் இறுகக் கட்டவோ செய்யாமல், அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் மழையில் அந்தப் பாதையை ஓட்டிப்பார்த்து, அருகிலுள்ள மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் உங்கள் வீட்டாருக்கு ஏற்புடையதாக இல்லையென்றால் வேறு நிலம் தேடுவதில் வெட்கம் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் தமிழ்ப்பள்ளிக்கான தூரத்தையும் அதே தாளில் எழுதுங்கள். தொடக்கக் கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயம்.

உணவை முழுவதும் விளைவித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஜப்பானியர் காலத்தில் தோட்டத்து மக்களைக் காத்த மரவள்ளி இன்றும் எளிதில் விளையும், ஆனால் காட்டுப்பன்றிக்கும் அது பிடிக்கும். முதல் ஆண்டில் மரவள்ளி, வாழை, முருங்கை, கீரை, நான்கைந்து கோழி என்று நிறுத்திக்கொண்டு, அரிசியும் பருப்பும் பட்டணத்தில் வாங்குங்கள். நிலத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று தீ வைக்காதீர்கள். திறந்தவெளி எரிப்பு குற்றம்.

கடைசியாக ஒரு சோதனை. வீடு கட்டுவதற்கு முன், வறண்ட பிப்ரவரியில் இரண்டு வாரமும் அடைமழை நவம்பரில் இரண்டு வாரமும் அந்த நிலத்திலோ அதை ஒட்டிய கம்பத்திலோ (சிற்றூரிலோ) குடும்பத்தோடு தங்குங்கள். அக்கம்பக்கத்தாரிடம் போய்ப் பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். எங்கள் தாங்கி மேடை சாய்ந்த அன்று கயிறும் ஆளுமாக மழையில் வந்தவர் இரண்டு நிலம் தள்ளியிருக்கும், நாங்கள் பாக் சிக் (மலாயில் மாமா) என்று அழைப்பவர்தான். தங்கும் நாட்களில் ஒவ்வொரு மாலையும், எத்தனை வாளி நீர் செலவானது, யார் எதற்குச் சிரமப்பட்டார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதும் வேலையை, நிலம் வாங்குவதில் எவருக்கு ஆர்வம் குறைவோ அவரிடமே கொடுங்கள். எங்கள் வீட்டில் அதை எழுதியவர் என் மனைவி. ஐந்து தாங்கி என்ற எண் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.