அப்பாவுக்கு வந்திருக்கிறது கேன்சர்னு அப்பாகிட்ட எப்படி சொல்றது

நாங்க சொல்லல. வெறும் கட்டிதான்பா, சரியாயிடும்னு மூணு மாசம் ஓட்டினோம். அப்பா ஒருநாள் வயலை யார் பேர்ல எழுதறதுன்னு பேச்சை எடுத்தார், அதெல்லாம் இப்ப எதுக்குப்பான்னு வாயை அடைச்சிட்டோம். அவர் போனதுக்கு அப்புறம்தான் அம்மா சொன்னாங்க, ரெண்டாவது வாரமே ஃபைலை வார்டு பையன்கிட்ட குடுத்து படிக்கச்சொல்லி கேட்டுட்டாராம். எங்க மனசு உடையக்கூடாதுன்னு அவரும் தெரியாத மாதிரியே இருந்திருக்கார். அவர்மேல பாசம் வச்ச நாங்க எல்லாரும் சேர்ந்து அவரைத் தனியா விட்டுட்டோம், அதனாலதான் இதை எழுதறேன்.

சொந்தக்காரங்க உடனே குறளை எடுப்பாங்க, பொய்மையும் வாய்மை இடத்தன்னு. அந்தக் குறள்லயே "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்"னு ஒரு கண்டிஷன் இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. குத்தம் இல்லாத நன்மை வந்தாதான் பொய் உண்மைக்கு சமம். நாங்க சொன்ன பொய்யால நிம்மதியானது நாங்கதான், அப்பா இல்ல.

அதுக்காக போய் படார்னு போட்டு உடைக்காதீங்க. முதல்ல கேளுங்க. கெட்ட செய்தி சொல்றதுக்கு டாக்டர்களுக்கே ஸ்பைக்ஸ்னு ஆறு படி வழிமுறை இருக்கு, 2000ல வந்தது, அதுலயும் சொல்றதுக்கு முன்னாடி கேக்கிறதுதான் வருது. பாக்க வந்த கூட்டமெல்லாம் போனப்புறம், டிவியை அணைச்சிட்டு பக்கத்துல உக்காருங்க, நின்னுக்கிட்டே பேசாதீங்க. "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்னப்பா புரிஞ்சுது?"ன்னு கேளுங்க. நிறைய பேருக்கு ஏற்கனவே சந்தேகம் இருக்கும். அடுத்து "எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?"ன்னு கேளுங்க. நீயே பாத்துக்கப்பான்னு சொல்லிட்டா விட்டுடுங்க, அது அவர் முடிவு, ஆனா பின்னாடி எப்ப கேட்டாலும் சொல்றேன்னு மட்டும் சொல்லி வைங்க.

தெரியணும்னு சொன்னா சுத்தி வளைக்காம அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிட்டு சும்மா இருங்க. இதுதான் ரொம்ப கஷ்டம், வாய் தானா ஆறுதல் சொல்லப் போகும், சொல்லாதீங்க, கையைப் பிடிச்சுக்கிட்டு இருங்க, அழுகை வந்தா அழுங்க. எத்தனை மாசம்னு நீங்களா கணக்கு சொல்லாதீங்க, அதை டாக்டர்கிட்ட கேக்கலாம். குணமாயிடும்னு சத்தியம் பண்ணாதீங்க. வலியைக் குறைக்க மருந்து இருக்கு, மார்ஃபின் மாத்திரை வரைக்கும் இருக்கு, நான் கூடவே இருப்பேன்னு தாராளமா சொல்லலாம். பேலியேட்டிவ் கேர் டாக்டரை, அதாவது வலியையும் அவஸ்தையையும் குறைக்கிறதுக்குன்னே இருக்கிற டாக்டரை, கடைசி வாரத்துல தேடாம அப்பவே பாருங்க.

வேண்டுதல் இருந்தா தடுக்காதீங்க. வைத்தீஸ்வரன் கோயில் பிரசாதமான திருச்சாந்துருண்டையோ வேளாங்கண்ணி எண்ணெயோ, அவர் நம்பினா வாங்கிட்டு வந்து குடுங்க (உள்ளுக்கு சாப்பிடறதா இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க). ஆனா அதைக் காட்டி சிகிச்சையை நிறுத்தச் சொல்ற சொந்தக்காரங்களை மட்டும் வாசல்லயே நிறுத்திடுங்க.

மறுநாள் அப்பா அதையே மறுபடி கேப்பார். அம்மாகிட்ட தனியா, தம்பிகிட்ட தனியான்னு கேட்டுப் பாப்பார். வீட்ல எல்லாரும் முன்கூட்டியே பேசி வச்சுக்கிட்டு ஒரே பதிலை சொல்லுங்க. வயலைப் பத்தி பேச்சை எடுத்தா பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வந்து உக்காருங்க.